பஞ்சு ஒட்டுவதற்கு முன் ஒரு பென்சில் கணக்கு

தொழிற்கூட இரைச்சல்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: "சத்தம் தாங்கவில்லை, எதை ஒட்டலாம்?" எதையும் ஒட்டும் முன் எந்த மெஷின், எந்த வழியாக, யார் காதுக்கு என்ற மூன்றும் தெரிய வேண்டும். அதனால் பல பதில்களில் கணக்கு வருகிறது. கால்குலேட்டரில் லாக் பொத்தான் இருந்தால் போதும். மெஷின்களையும் கூடங்களையும் பற்றிச் சொல்லும் அளவுகள், வேறாகக் குறிப்பிடாத வரை, காதின் கேட்புக்கு ஏற்பத் திருத்திய 'ஏ' எடை டெசிபல்.

கே: எங்கள் பட்டறையில் ஒரே மாதிரி நான்கு மெஷின். ஒன்று மட்டும் ஓடினால் நடுவில் மீட்டர் 88 காட்டுகிறது. நான்கும் ஓடினால் 94, இரண்டை நிறுத்தினால் 91. பாதி மெஷின் நின்றால் சத்தமும் பாதியாக வேண்டாமா? மீட்டர் கோளாறா?

ப: மீட்டர் சரியாகத்தான் சொல்கிறது. டெசிபல் லாக் அளவு. சாதாரணக் கூட்டல் அங்கே செல்லாது. சம அளவுள்ள இரண்டு ஒலி சேர்ந்தால் 3 கூடும், நான்கு சேர்ந்தால் 6, பத்து சேர்ந்தால் 10. இரண்டை நிறுத்தியபோது ஒலி ஆற்றல் பாதியானது உண்மைதான். அதைத்தான் மீட்டர் 3 குறைத்துக் காட்டியது. ஆனால் காதுக்கு 'பாதியாகிவிட்டது' என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் இறங்க வேண்டும். 3 குறைத்துவிட்டு ஆபரேட்டரிடம் கேட்டால் "ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே சார்" என்பார். அவர் காதுக்குள் போகும் ஆற்றல் பாதியாகியிருக்கும், அவருக்குத்தான் தெரியாது.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்லிக் கொடுக்கிறது. ஓர் இடத்தில் மூன்று மெஷின் தனித்தனியே 95, 90, 85 தருகின்றன என்று வையுங்கள். மூன்றும் சேர்ந்தால் 96.5. அந்த 85 மெஷினைத் தூக்கி வெளியே வைத்தாலும் 96.2தான். 95 மெஷினை அகற்றினால் 91.2. பல கூடங்களில் எது கைக்கு எட்டுகிறதோ அதற்குத்தான் பெட்டி கட்டுகிறார்கள். பெரும்பாலும் அது இந்த 85 ஆக இருக்கும்.

கே: ஒவ்வொரு மெஷினையும் தனியாக அளக்கச் சொல்கிறார்கள். உற்பத்தியை நிறுத்த முடியாது. என்ன செய்வது?

ப: மற்றவற்றை நிறுத்த வேண்டாம், அளக்க வேண்டிய ஒன்றை மட்டும் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். ஓடும்போது 92, நிறுத்தியபின் 88 என்றால் அந்த மெஷினின் பங்கு 89.8. (92ஐப் பத்தால் வகுத்து, பத்தின் அடுக்காக்கி, 88ஐயும் அப்படியே செய்து கழித்து, மீதியின் லாக்கைப் பத்தால் பெருக்குங்கள்.) வித்தியாசம் 10க்கு மேல் என்றால் கழிக்கவே தேவையில்லை. 3க்குக் கீழே என்றால் அந்த விடையை நம்பாதீர்கள். அப்போது உணவு இடைவேளையிலோ ஷிப்ட் மாறும் நேரத்திலோ அளக்க வேண்டியதுதான். இல்லையென்றால் இரண்டு மைக் கொண்ட ஒலிச்செறிவுக் கருவி வேண்டும். சுற்றிலும் சீராக இருக்கும் இரைச்சலைப் பெருமளவு தானே கழித்துக்கொள்ளும், ஆனால் பழகிய கை தேவை.

மீட்டரை அளப்பதற்கு முன்னும் பின்னும் காலிபரேட்டரில் பாருங்கள். வழக்கமாக அது 1000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் கொடுக்கும். இரண்டு தடவைக்கும் இடையில் அரை டெசிபலுக்கு மேல் நகர்ந்திருந்தால் அன்றைய அளவுகளைத் தள்ளிவிடுங்கள். ஆள் மீதே மாட்டி நாள் முழுவதும் அளக்கும் டோசிமீட்டர் என்றால் மைக் தோளுக்கு மேல் 4 செமீ, காதுத் துளையிலிருந்து குறைந்தது 10 செமீ தள்ளி இருக்க வேண்டும் என்பது ஐஎஸ்ஓ 9612 என்ற சர்வதேசத் தரநிலை சொல்லும் இடம். சட்டைக் காலரில் உரசினால் அந்த உரசலும் சேர்ந்தே பதிவாகும்.

கே: 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரத்தில் புதுக் கூடம் கட்டுகிறோம். பத்து மெஷின் வரப்போகிறது. இரைச்சல் எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா? கூரை முழுவதும் ஒலி உறிஞ்சும் பலகை போடச் சொல்கிறார்கள். பயன் உண்டா?

ப: நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். மெஷினை இறக்கி, போல்ட் முடுக்கிய பிறகு கேட்பவர்களே அதிகம்.

முதலில் ஒவ்வொரு மெஷினின் ஒலித்திறன் மட்டத்தை உற்பத்தியாளரிடம் கேட்டு வாங்குங்கள். '1 மீட்டரில் இத்தனை டெசிபல்' என்ற எண் வேறு, ஒலித்திறன் வேறு. பல்பின் வாட் மாதிரி மெஷினுக்கே உரியது ஒலித்திறன். 1 மீட்டர் அளவு அது நிற்கும் அறையைப் பொறுத்து மாறும்.

ஓரிடத்தில் கேட்கும் ஒலிக்கு இரண்டு பங்கு. மெஷினிலிருந்து நேராக வருவது ஒன்று. சுவர், கூரை, தரையில் மோதி மோதி வருவது இன்னொன்று. நேர்ப்பங்கு தூரம் கூடக்கூடக் குறையும். மோதி வரும் பங்கு கூடம் முழுக்க ஏறத்தாழ ஒரே அளவாகப் பரவி நிற்கும். அதன் அளவைத் தீர்மானிப்பது கூடத்தின் உறிஞ்சுதிறன்.

உங்கள் கூடத்தையே எடுப்போம். தரை, கூரை, சுவர் சேர்ந்து 2,320 சதுர மீட்டர். சிமெண்டுத் தரை, தகரக் கூரை, பூசிய சுவர் என்றால் சராசரி உறிஞ்சு எண்ணை (மோதும் ஒலியில் எவ்வளவு பங்கு விழுங்கப்படுகிறது என்பது) 0.1 என்று வைக்கலாம். மொத்த உறிஞ்சுபரப்பு 232 சதுர மீட்டர். கொள்ளளவு 4,800 கன மீட்டர். சபைன் சூத்திரப்படி 0.161ஐக் கொள்ளளவால் பெருக்கி 232ஆல் வகுத்தால் எதிரொலி நேரம், அதாவது ஒலி 60 டெசிபல் தணிய எடுக்கும் நேரம், 3.3 நொடி. கைதட்டினால் கூடம் பேசும்.

இப்போது 800 சதுர மீட்டர் கூரைக்கு 0.8 உறிஞ்சு எண் கொண்ட பலகை. உறிஞ்சுபரப்பு 792 ஆகும். மோதி வரும் ஒலி 5 டெசிபலுக்குச் சற்று மேல் குறையும். விற்பவர் சொல்லும் எண் இதுதான், பொய்யும் இல்லை. ஆனால் யாருக்குக் குறைகிறது?

தரையில் நிற்கும் 100 டெசிபல் ஒலித்திறன் மெஷின் ஒன்று. அதிலிருந்து 1 மீட்டரில் நிற்கும் ஆபரேட்டருக்குப் பலகைக்கு முன் 92.4, பின் 92.1. வெறும் 0.3! அவர் கேட்பது கிட்டத்தட்ட முழுக்க நேர்ப்பங்கு. கூரைக்கு அதில் வேலையே இல்லை. 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்து பேக்கிங் செய்பவருக்கு 82.3லிருந்து 76.9; நன்றாகவே தெரியும். பத்து மெஷினும் ஓடும்போது ஆபரேட்டருக்கும் கொஞ்சம் கிடைக்கும்: மற்ற ஒன்பதின் மோதல் ஒலி அவருக்கும் வருகிறதல்லவா, அது குறையும். 95.0லிருந்து 92.8 ஆகலாம். ஆக, கூரைப் பலகை பக்கத்து மெஷினிடமிருந்து காப்பாற்றும். தன் மெஷினிடமிருந்து காப்பாற்றாது.

நேர்ப்பங்கும் மோதல் பங்கும் சமமாகும் தூரம் உங்கள் வெறுங்கூடத்தில் சுமார் 3.2 மீட்டர், பலகைக்குப் பின் 6.9 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் நிற்பவருக்கு மெஷினில்தான் கை வைக்க வேண்டும்.

இந்தச் சூத்திரத்தின் குறையையும் சொல்லிவிடுகிறோம். நீளம், அகலம், உயரம் ஓரளவு ஒத்திருக்கும் அறைக்குத்தான் இது நன்றாகப் பொருந்தும். உங்களுடையது தட்டையான பெட்டி. உள்ளே மெஷின், ரேக், குழாய் என்று ஒலியைச் சிதறடிக்கும் பொருள்கள் வேறு. இப்படிப்பட்ட கூடத்தில் மோதல் ஒலி ஒரே மட்டத்தில் நிற்காது. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் வெறுங்கூடத்தில் 2, 3 டெசிபலும், கூரை உறிஞ்சினால் 4, 5 டெசிபலும் இறங்கிக்கொண்டே போகும். திறந்த வெளியில் 6. இந்தச் சரிவை அளக்கும் முறை ஐஎஸ்ஓ 14257லும், முன்கணிப்பு முறைகள் ஐஎஸ்ஓ 11690 மூன்றாம் பாகத்திலும் இருக்கின்றன. கதிர்களை எய்து கணக்கிடும் மென்பொருள்களும் உண்டு. அவற்றில் வண்ணப்படம் அழகாக வந்துவிடும். அதனாலேயே ஏமாறவும் நேரும். வழக்கமாகத் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. மெஷினின் சுமையில்லா ஓட்டத்து ஒலித்திறனைக் கொடுத்துவிடுவது. கூடத்தைக் காலியாக வரைவது. பலகையின் உறிஞ்சு எண்ணை எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே எண்ணாகக் கொடுப்பது: கூரையோடு ஒட்டிய 50 மிமீ பலகை 1000 ஹெர்ட்ஸில் நன்றாக விழுங்கும், 125 ஹெர்ட்ஸில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கூரையிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் கீழ்ச்சுருதிக்கும் கொஞ்சம் உதவும்.

கூரை முடிந்ததும், மெஷின் வருமுன், ஒலித்திறன் தெரிந்த ஒரு ஸ்பீக்கரை வைத்து 1, 2, 4, 8, 16 மீட்டரில் அளந்து உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகும் 2, 3 டெசிபல் பிசகு இருக்கவே செய்யும், 84.6 என்று விடை வந்ததும் '85க்குள் வந்துவிட்டோம்' என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

கே: முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் சத்தம் குறையுமா?

ப: நடுச்சுருதியில் துளி எதிரொலி குறையும். தீப்பிடிப்பது உறுதியாகக் கூடும். வேண்டாம்.

கே: 7.5 கிலோவாட் கம்ப்ரஸருக்கு 1.6 மிமீ தகரத்தில் 2 மீட்டர் நீளம், 1.5 அகலம், 1.5 உயரத்தில் பெட்டி கட்டினோம். 30 டெசிபல் குறையும் என்றார்கள். 8தான் குறைந்தது. காற்றுக்காகப் பின்பக்கத்தைத் திறந்தே விட்டிருக்கிறோம். மூடிப் பார்த்தோம், அரை மணியில் சூட்டில் நின்றுவிட்டது.

ப: 8 குறைந்ததே உங்கள் பெட்டி நன்றாக இருப்பதற்குச் சாட்சி. பெட்டியின் மேற்புறமும் பக்கங்களும் சேர்ந்து 13.5 சதுர மீட்டர்; திறந்த பின்பக்கம் 2.25. அதாவது ஆறில் ஒரு பங்கு. அந்த வழியாகவே வெளியேறும் ஒலி 8க்கு மேல் குறைய விடாது. தகரத்துக்குப் பதில் செங்கல் வைத்திருந்தாலும் அதே 8தான். பரப்பில் 10 சதவீதம் திறந்திருந்தால் உச்சவரம்பு 10 டெசிபல், 1 சதவீதம் என்றால் 20, ஆயிரத்தில் ஒன்று என்றால் 30. 1.5 மீட்டர் உயரம், 1 மீட்டர் அகலக் கதவைச் சுற்றி 3 மிமீ கீறல் இருந்தாலே ஆயிரத்தில் ஒன்று ஆகிவிடும். கேஸ்கட்டை மெத்தனமாக ஒட்டும் ஃபிட்டர் 10 டெசிபலைத் தின்றுவிடுவார்.

1.6 மிமீ இரும்புத் தகரம் சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. எடை கூடக்கூடத் தடுப்பும் கூடும் என்ற நிறை விதிப்படி அது 500 ஹெர்ட்ஸில் சுமார் 29 டெசிபல் தடுக்கும், 125ல் 17தான். கம்ப்ரஸரின் உறுமல் கீழ்ச்சுருதியில் இருப்பதால் 30 என்ற வாக்குறுதியே சற்று தாராளமானது.

இப்போது சூடு. மின்சாரமாக உள்ளே போகும் 7.5 கிலோவாட்டில் ஏறத்தாழ எல்லாமே வெப்பமாகிவிடும்; குளிர்விப்பானும் பெட்டிக்குள்தான் என்றால் அத்தனையையும் காற்றுதான் சுமந்து வெளியேற்ற வேண்டும். உள்ளே 10 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்றால் நொடிக்கு 0.62 கன மீட்டர் காற்று, மணிக்கு 2,200க்கு மேல். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் விட 35 செமீ சதுர வழி போதும். ஒரு பக்கம் கீழே உள்வழி, எதிர்ப்பக்கம் மேலே வெளிவழி, ஒரு ஃபேன். இரண்டு வழிக்கும் 50 மிமீ ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) உள்பூச்சு போட்ட, ஒன்றேகால் மீட்டராவது நீளமுள்ள, ஒரு மடக்காவது மடங்கும் டக்ட். ராக்வூல் வழியை அடைத்துக்கொள்ளும் என்பதால் டக்டை அந்த அளவுக்குப் பெரிதாக வெட்டுங்கள். ஃபேன் அந்த டக்டின் தடையையும் தாண்டித் தள்ளக்கூடியதாக இருக்கட்டும். டக்ட் வழியாக எட்டிப் பார்த்தால் மெஷின் கண்ணில் படக்கூடாது. கண் போகும் வழியில் மேல்சுருதி அப்படியே நழுவி வந்துவிடும்.

பெட்டியின் உட்புறம் வெறும் தகரமாக இருந்தால் ஒலி உள்ளேயே மோதிப் பெருகும். தகரத்தை அடுத்து 50 மிமீ ராக்வூல், அதன்மேல் எண்ணெயும் ஈரமும் ஏறாமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதன்மேல் 30 சதவீதமாவது துளையுள்ள தகரம். படலத்தை இறுக்கி இழுத்து ஒட்டாதீர்கள். தளர்ந்திருந்தால்தான் ஒலி உள்ளே புகும். கடைசியாக, பெட்டி மெஷினின் சட்டத்தை எங்கும் தொடக்கூடாது. காற்றுக்குழாய் வெளியேறும் துளையில் ரப்பர் வளையம். அதைத் தகரத்தோடு வெல்டிங் வைத்தால் பெட்டி முழுவதும் ஒரு பெரிய ஸ்பீக்கராகும்.

கே: மாடியில் 1450 சுற்று மோட்டார் வைத்த ப்ளோயர். 10 மிமீ ரப்பர் பேட் போட்ட பிறகு கீழ்த்தள அலுவலகத்தில் உறுமல் அதிகமாகிவிட்டது! எப்படி?

ப: நடக்கும். அதிர்வைத் தடுப்பது ரப்பரின் தடிமன் அல்ல, மெஷின் எடையில் அது எத்தனை மிமீ அமுங்குகிறது என்பது. அமுங்கும் மில்லிமீட்டரின் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால் மெஷின் தன் போக்கில் குதிக்கும் அதிர்வெண் கிடைக்கும். கெட்டியான பேட் அரை மிமீ அமுங்கினால் அது 22 ஹெர்ட்ஸ். உங்கள் மோட்டாரின் சுழற்சி 24. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன; ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போலப் பேட் அதிர்வைக் கூட்டிக் கொடுக்கிறது. சுழற்சி அதிர்வெண் அந்த 22ஐப் போல 1.4 மடங்கைத் தாண்டினால்தான் குறையவே தொடங்கும்.

6 மிமீ அமுங்கும் ஸ்பிரிங் வைத்தால் 6.4 ஹெர்ட்ஸ், 24ல் வரும் விசையில் 8 சதவீதம்தான் தரைக்கு இறங்கும். பின்னொரு நாள் மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் போட்டுச் சுற்றைப் பாதியாக்கினால் அதே ஸ்பிரிங் 40 சதவீதத்தை விட்டுவிடும். அப்போது ஸ்பிரிங்கைக் குறை சொல்லக்கூடாது. மாடித்தளமே வளைந்து கொடுக்கும் என்பதால் தளம் வளைவதைவிடப் பல மடங்கு ஸ்பிரிங் அமுங்க வேண்டும்.

ஸ்பிரிங் போட்டும் குறையவில்லை என்றால் மெஷினைச் சுற்றி வந்து கையால் தொட்டுப் பாருங்கள். தளத்தோடு சேர்த்து முடுக்கிய ஃபவுண்டேஷன் போல்ட், விறைப்பான கேபிள் குழாய், நெகிழ் இணைப்பு இல்லாத டக்ட், அடியில் சிக்கிய ஒரு காங்கிரீட் துண்டு: ஒன்று போதும், அதிர்வு அந்த வழியாக இறங்கிவிடும்.

கே: தூசி தட்ட ஏர் கன் பயன்படுத்துகிறோம். 6 மிமீ செப்புக் குழாய்தான் முனை. காது கிழிகிறது.

ப: முனையில் 0.9 பார் அழுத்தம் இருந்தாலே வெளியேறும் காற்று ஒலிவேகத்தைத் தொட்டுவிடும். நீங்கள் 6 பாரில் விடுகிறீர்கள் என்றால் அது ஒரு குட்டி ஜெட். ஜெட்டின் ஒலித்திறன் வேகத்தின் எட்டாம் அடுக்கில் ஏறும் என்று ஆங்கிலேயக் கணித அறிஞர் லைட்ஹில் 1952ல் காட்டினார். வேகத்தைச் சற்றுக் குறைத்தாலே சத்தம் நிறைய இறங்குவது அதனால்தான்.

வழியில் ரெகுலேட்டர் வைத்து அழுத்தத்தை 2 பாருக்கு இறக்குங்கள். தூசி தட்ட அது போதும், உடம்பில் பட்டாலும் ஆபத்து குறைவு. முனைக்குப் பல சிறு துளை நாசில் போடுங்கள். சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக் கலப்பதால் தள்ளும் விசை பெரிதாகக் குறையாது. 10 டெசிபலோ அதற்கு மேலோ இறங்குவது சகஜம். செலவுக் கணக்கு கேட்கும் மேனேஜருக்கு: 6 பாரில் 6 மிமீ திறந்த முனை நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்றைக் குடிக்கும்.

கூடவே சிலிண்டர் வால்வுகளின் வெளியேற்று முனைகளையும் பாருங்கள். அங்கே திருகும் சிறு சைலன்ஸர் மிக மலிவான, மிகப் பலன் தரும் மாற்றம். ஆனால் எண்ணெய்ப்பசையும் தூசியும் ஏறி அடைத்துக்கொள்ளும். சிலிண்டர் மெதுவாகும், உற்பத்தி குறையும், ஆபரேட்டர் சைலன்ஸரைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். அவர் மீது தவறில்லை. பராமரிப்புப் பட்டியலில் அதைக் கழுவும் நாளையும் எழுதுங்கள்.

கே: பஞ்ச் ப்ரெஸ்ஸில் இடி, அடியில் பாகங்கள் தகரச் சரிவில் விழும் சத்தம் அதைவிட மோசம்.

ப: சரிவை முதலில் சரிசெய்யுங்கள், ஒரே நாளில் முடியும். முட்டியால் தட்டிப் பாருங்கள்: 'டங்ங்ங்' என்று இழுத்தால் தகரம் பாடுகிறது, 'டொக்' என்று அடங்க வேண்டும். 2 மிமீ தகரத்தின் அடிப்பக்கம் பிசின் போன்ற அதிர்வடக்கி ஒரு மெல்லிய அடுக்கு, அதன்மேல் 1 மிமீ தகரம். சாண்ட்விச் மாதிரி ஒட்டுங்கள். பூசும் வகை என்றால் தகரத்தைப் போல இரண்டு மடங்கு தடிமன் தேவை, மெல்லிசாகப் பெயின்ட் போல் அடித்தால் வீண். பாகங்கள் விழும் உயரத்தைப் பாதியாக்கினால் இன்னும் 3 டெசிபல்.

ப்ரெஸ்ஸின் இடி, பஞ்ச் தகட்டைத் துளைத்துத் திடீரென விடுபடும் கணத்தில் வருவது. பஞ்சின் முகத்தைச் சாய்வாகத் தீட்டினால் வெட்டு ஒரே கணத்தில் முடியாமல் பரவும். ஒரே அச்சில் பல பஞ்ச் இருந்தால் அவற்றின் நீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றி ஒன்றன்பின் ஒன்றாக வெட்டவிடுங்கள். விசை குறைவதால் அச்சும் நீடித்து உழைக்கும். சாய்வு அதிகமானால் துண்டு வளைந்து போகும், அதையும் கவனியுங்கள்.

கே: ப்ளோயரிலிருந்து ஒரே சுருதியில் ஊளை. பேரிங் மாற்றியும் போகவில்லை.

ப: இறக்கை எண்ணிக்கையைச் சுற்றால் பெருக்கி 60ஆல் வகுங்கள். 12 இறக்கை, 1450 சுற்று என்றால் 290 ஹெர்ட்ஸ். ஊளை அங்கே இருந்தால் பேரிங்கை விடுங்கள். இறக்கை எதையோ உரசாமல் உரசிக்கொண்டு போகிறது. உள்வழிக்கு ஒட்டியே வளைவு, டேம்பர் (காற்றை மட்டுப்படுத்தும் தகடு), பெல்ட்டின் பாதுகாப்பு மூடி ஏதாவது இருந்தால் தள்ளி வையுங்கள். காற்று தேவைக்கு மேல் போகிறதென்றால் சுற்றை 20 சதவீதம் குறையுங்கள்: சுமார் 5 டெசிபல் இறங்கும், மின்சாரமும் பாதியாகும். டேம்பரை மூடிக் காற்றைக் குறைப்பது இதற்கு நேரெதிர் வேலை.

இன்வெர்ட்டர் போட்ட பின் மோட்டார் கீச்சிடுகிறது என்று எழுதிய இன்னொருவருக்கு: அது இன்வெர்ட்டரின் கேரியர் அதிர்வெண், அதாவது அது மின்சாரத்தை வெட்டி வெட்டித் தரும் வேகம். 2 அல்லது 4 கிலோஹெர்ட்ஸில் இருப்பதை உயர்த்தினால் கீச்சு அடங்கும், இன்வெர்ட்டர் சூடாகும். அதன் கையேட்டில் எத்தனை சதவீதம் திறன் குறைக்கச் சொல்கிறது என்று பார்த்துவிட்டு உயர்த்துங்கள்.

கே: ஆபரேட்டர் 2 மணி நேரம் 95லும், மீதி 6 மணி நேரம் 82லும் இருக்கிறார். சராசரி 85க்கு மேல்தான், ஆனால் 30 டெசிபல் இயர் பிளக் தந்திருக்கிறோம். போதாதா?

ப: நீங்கள் எடுத்தது சாதாரணச் சராசரி. ஆற்றல் கணக்கில் அவருடைய 8 மணி நேர அளவு 89.6. அந்த 2 மணி நேரம்தான் கிட்டத்தட்ட எல்லாமே. அதை 1 மணி நேரமாக்கி மீதியை 82ல் கழித்தால் 87.3. நேரத்தைத் தொடாமல் அந்த மெஷினை 88க்கு இறக்கினால் 84.4. 82 பகுதியில் எவ்வளவு செலவழித்தாலும் பலன் சொற்பம்.

வரம்பு நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 8 மணி நேரத்துக்கு 90, ஒவ்வொரு 5 டெசிபலுக்கும் நேரம் பாதி என்கிறது. அதன்படி 95ல் 4 மணி நேரம் நிற்கலாம். அதே நாட்டின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நையோஷின் பரிந்துரை 85, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதி. அதன்படி 95ல் 47 நிமிடம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 உத்தரவு 80லும் 85லும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி, காதடைப்பானைக் கணக்கில் சேர்த்து 87ஐ எல்லையாக வைக்கிறது. எங்கள் கருத்தில் 3 டெசிபல் கணக்கே சரி. ஆற்றல் அப்படித்தான் இரட்டிக்கிறது.

இயர் பிளக்குக்கு வருவோம். அட்டையில் போட்ட 30 ஆய்வகத்து எண். 8 மணி இரைச்சலில் அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைத்தால் மொத்தப் பாதுகாப்பு 30லிருந்து 12ஆகச் சரிந்துவிடும். நுரை பிளக்கை மெல்லிய குச்சியாக உருட்டி, எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, விரிந்து முடியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். நேர் எதிரே நின்று பார்த்தால் பிளக் காதுக்கு வெளியே துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. இயர் மஃப் என்றால் கண்ணாடிக் கம்பி அதன் மெத்தையைத் தூக்கிக் கொடுக்கும் கீறலைப் பாருங்கள். கம்ப்ரஸர் பெட்டிக்குச் சொன்ன அதே ஓட்டைக் கணக்குதான். அதிகம் அடைப்பதும் தவறு. காதுக்குள் 70க்குக் கீழே போனால் ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் கேட்காது. ஆள் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார்.

கே: மெஷினுக்கும் பேக்கிங் மேசைக்கும் நடுவே 2 மீட்டர் உயரத் தடுப்பு வைத்தால்?

ப: கூரை வெறும் தகரம் என்றால் 2, 3 டெசிபல், ஒலி தடுப்பைத் தாண்டிக் கூரையில் மோதி இறங்கிவிடும். தடுப்புக்கு நேர் மேலே உறிஞ்சும் பலகை இருந்து, தடுப்பு மெஷினுக்கோ மேசைக்கோ நெருக்கமாக நின்றால் 8 வரை எதிர்பார்க்கலாம். நடுவில் வைப்பதுதான் மிக மோசமான இடம்.

கே: எதிர் ஒலி எழுப்பி இரைச்சலை அழிக்கும் கருவி கூடத்துக்கு வாங்கலாமா?

ப: டக்டுக்குள் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரும் ஒற்றைச் சுருதிக்கு நன்று. திறந்த கூடத்தில் ஓரிடத்தில் குறைத்தால் இரண்டடி தள்ளிக் கூடும்.

கே: புது மெஷின் வாங்கும்போது ஆர்டரில் இரைச்சல் பற்றி என்ன எழுதுவது?

ப: 'சத்தம் குறைவாக இருக்க வேண்டும்' என்று எழுதாதீர்கள். ஒலித்திறன் மட்டமும், ஆபரேட்டர் நிற்கும் இடத்து அளவும், ஐஎஸ்ஓ 4871 முறையில் பிசகு எண்ணோடு கேளுங்கள். விற்பவர் 92 என்றும் பிசகு 3 என்றும் கொடுத்தால் உங்கள் கணக்கில் 95ஐப் போடுங்கள். எந்தப் பொருளை, எந்த வேகத்தில், எவ்வளவு சுமையில் ஓடும்போது அளந்தது என்பதை அதே தாளில் வாங்குங்கள். சும்மா சுற்றும் ரம்பத்துக்கும் மரத்தை அறுக்கும் ரம்பத்துக்கும் உள்ள தூரம் பெரிது. கூடத்தில் நிறுவியபின் உங்கள் பொருளை ஓட்டி அளந்து பார்த்த பிறகே கடைசித் தவணை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அளக்கும் அன்று பாதுகாப்பு மூடிகள் எல்லாம் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கழற்றி ஓட்டினால் அளவு வேறு, மாட்டினால் வேறு. தளர்ந்த மூடி தானே அதிர்ந்து சத்தம் போடுவதும் உண்டு.